முதற் கை

எங்கள் வேலைக் கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு முறைப்பாடு இருந்தது. எதையும் யாரையும் முதலில் தொட விடமாட்டார். புதுக் கயிறு வந்தால் அவர்தான் முதலில் தொங்கிப் பார்ப்பார். புது ஏணி வந்தால் அவர்தான் முதலில் ஏறுவார். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் மீன் பொரியல் கொஞ்சம் மணக்கிற மாதிரித் தெரிந்தால், ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, சற்று நேரம் வானத்தைப் பார்த்திருந்துவிட்டு, "பழுதில்லை, தின்னுங்கோ" என்பார். அதுவரை நாங்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

பெயரை எழுதினால் கோபிப்பார், எழுதவில்லை. இப்போது மன்னார்ப் பக்கம் வேலை செய்கிறார். அப்போது குருநகரில் இருந்தார். கடற்தொழில் செய்கிற குடும்பம். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு எங்கள் ஒப்பந்தக்காரரிடம் களமேற்பார்வைக்கு வந்தவர். கட்டையான, அகன்ற உருவம். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. உரத்த குரல். கம்பத்தில் ஏறும்போது மட்டும் ஒரு சொல்லும் பேசமாட்டார். நான் அளவெட்டி ஊர்க்காரன். பைபர் இழைகளை ஒட்டுவது என் வேலை. வான் வண்டிக்குள் மேசை போட்டு உட்கார்ந்து, தலைமயிர் அளவுக் கண்ணாடி இழைகளை நுனியோடு நுனி வைத்து உருக்கி ஒட்டுவேன். வெயில், மழை, கம்பம், கயிறு எல்லாம் அவருடைய பொறுப்பு.

அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாறு வரைக்கும் மின்கம்பங்களிலேயே பைபர் கேபிள் கட்டுகிற வேலை எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு நாங்கள் கட்டியதெல்லாம் இரும்புக் கயிற்றில் தொங்குகிற கேபிள். அப்படி ஒரு வேலையில், வேறொரு கூட்டத்தில், எங்களுக்குத் தெரிந்த ஒருவன் செத்துப்போயிருந்தான். இழுத்துக்கொண்டிருந்த இரும்புக் கயிறு மேலே மின்சாரக் கம்பியில் பட்டுவிட்டது. அவனைக் கம்பத்திலிருந்து இறக்கியவர்களில் எங்கள் சதீசும் ஒருவன்.

அதனால் முதல் நாளே சதீஸ் அவரிடம் மறுத்துவிட்டான்.

"மேலை கரண்ட் ஓடுது. கீழை நாங்கள் கம்பி கட்டுறதோ? எனக்கு வேண்டாம் அக்கா. நான் கிடங்கு வெட்டுறன், வேறை என்னவும் செய்யிறன்."

சதீசோடு சோடியாகக் கம்பத்தில் ஏறுகிற றொபின்சனும் தோளிலிருந்த கயிற்றைச் சுருட்டி நிலத்தில் வைத்தான்.

"கம்பி எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டபடி அவர் வீதியோரத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். கேபிள் வெட்டுகிற கத்தரியால் ஒரு முழத் துண்டை வெட்டியெடுத்து, கோழி உரிப்பது போல் உரித்தார். வெளியே கறுப்புத் தோல். அதற்குக் கீழே மஞ்சள் நூல், கற்றை கற்றையாக. அதற்கும் உள்ளே இன்னொரு தோல். அதையும் கிழித்தால் நடுவில் நார்க்கண்ணாடித் தண்டு ஒன்று, அதைச் சுற்றிப் பல நிறத்தில் மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் வழுவழுவென்ற பசை. பசைக்குள் என் கண்ணாடி இழைகள்.

"இதுக்குள்ளை எங்கை இரும்பு? ஒரு பொட்டு இரும்பு காட்டுங்கோ, நான் வேலையை விட்டிட்டுப் போறன்."

றொபின்சன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து மஞ்சள் நூலை அறுத்துப் பார்த்தான். நூல் நழுவியது. இன்னும் அழுத்தி அறுத்தான். நூல் பிசிறிக்கொண்டு நின்றதே தவிர அறவில்லை. "சுறா வெட்டுற கத்தி அக்கா இது" என்றான் வெட்கத்தோடு.

"அந்த நூல்தான் முழுப் பாரத்தையும் தாங்கிறது. இரும்புக் கயிறு வேண்டாம். தன்ரை பாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் நிக்கும். காத்தையும் தாங்கும். ஆனால் கரண்டை ஓட விடாது."

எனக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். இன்னொன்றும் தெரியும்: குழாயைவிட உள்ளே இருக்கிற இழை சற்று நீளம். வளைந்து நெளிந்து கிடக்கும். புயல் கேபிளைப் பிடித்து இழுத்தாலும், அந்த நெளிவு நிமிரும்வரை இழைக்கு இழுவை தெரியாது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏறுவது வேறு. அவர் ஏறினார். மேலே மின்சாரக் கம்பி, அதற்குக் கீழே விடவேண்டிய இடைவெளி, அதற்கும் கீழே அவருடைய தலை. கேபிளை வெறுங்கையால் பிடித்து, சுருள்சுருளாக இருக்கும் பிடிகம்பியை அதன்மேல் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினார். ஆணியில்லை, பூட்டில்லை. இழுக்க இழுக்க இறுகுகிற பிடி. சுற்றி முடித்ததும் கேபிளில் கையை வைத்தபடியே கீழே பார்த்தார்.

"நான் தொட்டிட்டன். இனி நீங்கள் தொடலாம். கேபிளுக்குப் பயப்பிடாதேங்கோ. மேலை இருக்கிறதுக்குப் பயப்பிடுங்கோ. அதுக்குக் கிட்டத் தலை போனால் நானே இழுத்து விழுத்துவன்."

சதீஸ் அடுத்த கம்பத்தில் ஏறினான். ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை நின்று மேலே பார்த்தான். ஆனால் ஏறினான்.

அவரை வெறும் வீரம் பேசுகிறவர் என்று நினைக்கக்கூடாது. தொண்டைமானாற்றை நெருங்க நெருங்கக் கடற்காற்று. ஒருநாள் இரவு முழுக்கக் காற்று அடித்துவிட்டுக் காலையில் தூறல் போட்டது. அவர் வானைவிட்டு இறங்கவேயில்லை. கட்டிமுடித்த கேபிளை விரலால் அல்ல, கண்ணால் மட்டும் பார்த்தார்.

"ராத்திரி உப்புப் படிஞ்சிருக்கு. இப்ப ஈரம். உப்புத் தண்ணிக்குக் கரண்ட் எண்டால் கொள்ளை ஆசை. இண்டைக்கு நானும் தொடன், ஒருத்தரும் தொடாதேங்கோ."

முதலாளி தொலைபேசியில் கத்தினார். வேலை பிந்துகிறது, தாழ்ந்த மின்னழுத்தம்தானே, ஒன்றும் ஆகாது என்றார்.

"சரி ஐயா. அப்ப நீங்கள் வந்து முதல் தொடுங்கோ. உங்களுக்குப் பிறகு நான் தொடுறன்" என்றார் அவர், மரியாதை குறையாமல்.

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. வானுக்குள் இருந்து கடலை சாப்பிட்டோம். அவர் ஏறியபோதெல்லாம் வியந்த நாங்கள், அவர் ஏறாமலிருந்த அன்றைக்குத்தான் அவரை முழுதாக நம்பினோம் என்று நினைக்கிறேன்.

குருநகரில் அவர்களுடைய தேவாலயப் பெருநாளுக்கு என்னை வரச்சொல்லியிருந்தார். போனேன். அவர் கணவர் நல்ல பகிடிக்காரர். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து கதிரை போட்டுத் தந்தார். கூழ் காய்ச்சியிருந்தார்கள். எங்கள் மேற்பார்வைக்காரர் வழக்கம்போல முதல் மிடறைத் தான் குடித்துவிட்டுத்தான் எனக்கு வார்த்தார்.

"பாத்தியளோ? கலியாண வீட்டிலையும் இப்பிடித்தான். நஞ்சு கலந்திருக்கோ எண்டு இவ பார்த்துச் சொன்னால்தான் எங்களுக்குச் சாப்பாடு" என்று சிரித்தார் கணவர்.

அவர் நண்டுக் கறியை எடுக்க உள்ளே போன பிறகு கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது.

"இவவின்ரை தாய்வீடு மயிலிட்டிப் பக்கம். கன வருசம் ஆமி உள்ளை போக விடேல்லை. காணி விட்டவுடனை குடும்பமாப் போனம். மிதிவெடி எல்லாம் எடுத்தாச்சு எண்டு சொன்னவங்கள். ஆனால் வீடு இல்லை, படலை இல்லை, முழுக்கப் பத்தை. ஒருத்தரும் ஒழுங்கையிலை இருந்து கால் எடுத்து வைக்கேல்லை. மாமா, மச்சான்மார், எல்லாரும் ஆம்பிளையள், நிக்கினம். நான் மகளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இவ ஒரு கதையுமில்லாமல் பத்தைக்குள்ளை இறங்கி நடந்தா."

கணவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார்.

"கொஞ்ச நேரம் ஆளைக் காணேல்லை. சத்தமும் இல்லை. அந்த நேரத்திலை நான் எத்தினை தரம் செத்தன் எண்டு எனக்குத்தான் தெரியும். பிறகு உள்ளை இருந்து கூப்பிடுறா: 'வாங்கோ, கிணறு இருக்கு!'"

நண்டுக் கறி வந்தது. நாங்கள் வேறு கதை கதைத்தோம். ஆனால் அதன் பிறகு அவர் கம்பத்தில் கையை வைக்கும்போதெல்லாம் அவருக்காக ஒழுங்கையில் நின்றவர்களை நான் நினைத்துக்கொள்வேன்.

தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயில் திருவிழா நேரம் அது. எங்கள் கேபிள் கட்டி முடிந்து, வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கோயிலுக்குப் போகிற வீதியில் ஒரு லொறி கம்பத்தில் இடித்து, கம்பம் சரிந்துவிட்டது என்று காலையில் செய்தி வந்தது. கேபிள் தாழ்ந்திருந்தது. காவடிகள் வருமுன் உயர்த்திவிட வேண்டும் என்று அவர், சதீஸ், றொபின்சன், நான் நால்வரும் ஓடினோம். சனத்துக்குள் வான் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

நாங்கள் சேருமுன் தவில் நின்றது. தவில்காரர்களின் ஊரான அளவெட்டியில் பிறந்தவனுக்குத் தவில் இடையில் நின்றால் காது கேட்குமுன் முதுகுக்குத் தெரியும்.

தூக்குக் காவடி ஒன்று. உழவு இயந்திரத்தில் நீளமான துலா கட்டி, அதன் நுனியில் ஒரு இளைஞன், முதுகிலும் தொடைகளிலும் செடில் என்கிற கொக்கிகளைக் குத்தி, முகம் நிலத்தைப் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தான். துலாவின் நுனியில் செய்திருந்த சோடனை வளைவுக்குள் எங்கள் கேபிள் நுழைந்து மாட்டிவிட்டது. அது தெரியாமல் உழவு இயந்திரம் இன்னும் முன்னே போயிருக்கிறது. கேபிள் வில் நாண் போல விறைத்து நின்றது. துலா பின்பக்கமாக வளைந்து, உழவு இயந்திரத்தின் சில்லு ஒன்று நிலத்தைவிட்டு எழும்பியிருந்தது. சரிந்த கம்பம் இன்னும் சரிந்து, மேலே மின்சாரக் கம்பிகள் ஆடிக்கொண்டிருந்தன.

"கரண்ட்! கரண்ட்!" என்று யாரோ கத்தியதும் சனம் விலகிவிட்டது. ஓட்டியவரும் குதித்து ஓடிவிட்டார். நடுவீதியில் அந்த இளைஞன் மட்டும் ஆடிக்கொண்டு தொங்கினான். அவனுடைய தாய் பக்கத்தில் போகவும் முடியாமல், விலகவும் முடியாமல், "என்ரை மோன், என்ரை மோன்" என்று தன் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கொக்கத்தடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு கேபிளை அறுக்க ஓடிவந்தார்.

"அறுக்காதேங்கோ!" அவருடைய குரல் அந்த வீதி முழுக்கக் கேட்டது. "அறுத்தால் துலா துள்ளும்! அவன்ரை முதுகு கிழிஞ்சு போகும்! கம்பமும் விழும்!"

சதீசையும் றொபின்சனையும் சரிந்த கம்பத்துக்கு அனுப்பினார், தூர நின்று கயிறு எறிந்து பனையோடு கட்டச்சொல்லி. மின்சாரத்தை நிறுத்தச்சொல்லி நான் மின்சார சபைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆள் போய் நிறுத்திவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லும்வரை கம்பியில் உயிர் இருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் தலையை நிமிர்த்தி மேலே நெடுக ஒருமுறை பார்த்தார். மின்சாரக் கம்பி அறவில்லை. கேபிளையோ துலாவையோ தொடவில்லை. காய்ந்த வெயில், ஈரமில்லை. செருப்பைக் கழற்றினார். அது பாதுகாப்புக்கு அல்ல, அது கோயில் வீதி என்பதால். பிறகு நடந்து போய், கரண்ட் இருந்தால் கை பற்றிக்கொள்ளாதபடி வலதுகைப் புறங்கையால் உழவு இயந்திரத்தின் இரும்பைத் தொட்டார்.

அதில் கரண்ட் இல்லை.

அடுத்த கணம் அவர் அந்த இளைஞனுக்குக் கீழே போய் நின்று, இரண்டு கைகளையும் அவன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். விறைத்திருந்த செடில் கயிறுகள் தளர்ந்தன. அவன் "முருகா" என்று முனகினான்.

"நான் பிடிச்சிட்டன்! நான் சாகேல்லை, பாருங்கோ! வாங்கோ, எல்லாரும் வந்து பிடியுங்கோ!"

முதலில் வந்தது அந்தத் தாய். பிறகு தவில்காரர். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அந்த இளைஞன் கைகளின் மேல் கிடந்தான்.

துலாவில் ஏறிக் கயிறுகளை அறுக்க முடியாது. ஆள் ஏறினால் எல்லாம் கவிழ்ந்துவிடும். முதலில் கேபிளின் இழுவையைத் தளர்த்த வேண்டும். அதற்கு நேராக நின்ற மற்றக் கம்பத்தில் ஏறி, சங்கிலிக் கருவியைக் கேபிளில் பூட்டி, பிடியைக் கழற்றி, சங்கிலியைப் பல்லுப்பல்லாக விடவேண்டும். சதீசும் றொபின்சனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விட்டால் கம்பம் விழும்.

அவர் கையை எடுக்கப் பார்த்தார். எடுத்ததும் சுற்றியிருந்த கைகளும் கூடவே அசைந்தன. "பிள்ளை, விட்டிடாதையம்மா! நீ விட்டால் எல்லாரும் விட்டிடுவினம்!" என்று தாய் அலறினார். உண்மை. அவர்கள் அவனைப் பிடித்திருந்தது அவரை நம்பித்தான்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பத்திலும் உப்புக்காற்றிலும் முதலாளியின் கத்தலிலும் அசையாத முகம், அன்றைக்கு வெளுத்திருந்தது.

"நீங்கள்..." என்றார்.

"ஓம். நான் ஏறுறன்" என்றேன்.

இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொண்டு ஏறினேன். ஏறத் தெரியும், ஆனால் வானுக்குள் உட்கார்ந்து பழகிய உடம்பு. கீழிருந்து அவர் குரல் வந்துகொண்டேயிருந்தது. "மேலை பாராதேங்கோ! இல்லை, இல்லை, மேலை பாருங்கோ, மேலைதான் கரண்ட்! காலைப் பாருங்கோ! அவசரப்படாதேங்கோ! கெதியாச் செய்யுங்கோ!" அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கேபிளுக்கு எதிரே என் கை நின்றது. அது நடுங்கிக்கொண்டிருந்தது, கேபிள். அத்தனை பாரத்தையும் வாங்கிக்கொண்டு மெல்ல ஒரு ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. உரித்துப் பார்த்திருக்கிறேன், அதற்குள் இரும்பில்லை என்று என் தொழிலே சொல்லும். இருந்தும், கம்பத்திலிருந்து இறக்கப்பட்டவனின் முகம்தான் வந்தது. தொட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இரும்பு போல் விறைத்த ஒரு கறுப்புக் கயிறு, வெயிலில் சுட்டுக்கொண்டு, என் உள்ளங்கைக்குள் துடித்தது.

"தொட்டாச்சோ? தொட்டாச்சோ? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!"

"தொட்டாச்சு!"

சங்கிலியைப் பூட்டினேன். பிடியின் சுருளைக் கழற்றினேன். பல்லுப்பல்லாக விட்டேன். கேபிள் இறங்க இறங்கத் துலா நிமிர்ந்தது. எழும்பி நின்ற சில்லு மண்ணில் உட்கார்ந்தது. பனையில் கயிற்றை இறுகக் கட்டிவிட்டு ஓடிவந்த றொபின்சன் ஒரு தடியால் கேபிளை வளைவிலிருந்து தூக்கி விலக்கினான். செடில் குத்திவிட்டவர் வந்து கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இளைஞனின் முதுகில் இரத்தக் கோடுகள் இருந்தன. ஒரு செடிலும் கிழிக்கவில்லை.

அவன் காலூன்றி நின்றதும் கேட்ட முதற் கேள்வி, "என்ரை நேர்த்தி முடியேல்லை, நடந்து போகலாமோ?" என்பதுதான். கயிறுகளைப் பின்னால் ஒருவர் பிடிக்க, தவில் மறுபடி எழ, அவன் கோயிலை நோக்கி நடந்தே போனான். தாய் போகும்போது திருநீற்றை எடுத்து அவருடைய நெற்றியில் பூசினார், சிலுவை கழுத்தில் கிடக்க. அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் கம்பத்திலிருந்து இறங்கியதும் அவர் வேகமாக வந்து, என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு இடது கையை. பிறகு மதிலோரம் போய்க் குந்தியிருந்து அழுதார். சதீஸ் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான்.

"இப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது" என்றார், கொஞ்சம் அடங்கிய பிறகு. "தொடுறது ஒரு பயமில்லை. நிண்டு பார்க்கிறதுதான் பயம். அதுக்குப் பயந்துதான் நான் எல்லாத்தையும் ஓடி ஓடித் தொடுறன். எங்கடை அவர், பாவம், எத்தினை தரம் நிண்டு பார்த்திட்டார்."

நான் வானுக்குப் போய்க் கருவியைப் பூட்டி இழைகளைச் சோதித்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒளி போய்க்கொண்டிருந்தது. ஒரு உழவு இயந்திரத்தைத் தூக்கி நிறுத்திய இழுவையை மஞ்சள் நூல் தாங்கியிருக்கிறது. உள்ளே, பசைக்குள், கண்ணாடி இழைகள் நெளிவு நிமிர்ந்து, பிறகு திரும்பவும் தங்கள் நெளிவுக்குள் போய்க் கிடந்தன. அந்த நேரத்தில் வல்வெட்டித்துறையில் யாரோ ஒரு தாய் கனடாவிலிருக்கும் மகனோடு கதைத்துக்கொண்டிருந்திருப்பார். பேச்சு ஒரு நொடிகூட அறுந்திருக்காது. எத்தனையோ இழைகளை ஒட்டியவன் நான். அன்றைக்குக் கருவியின் திரையில் ஓடிய அந்த ஒளிக்கோட்டினை, முதல்தரம் பார்ப்பவன் போல, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பருத்தித்துறைப் பக்கம் புது வேலை தொடங்கியது. முதற் கம்பம். அவர் இடுப்புப் பட்டியைக் கையில் எடுத்தார். எடுத்து, வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சதீசிடம் நீட்டினார்.

"நீ ஏறு."

சதீஸ் எங்களைப் பார்த்தான். ஏறினான். அவர் திரும்பிக் கம்பத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு, வானின் கதவைப் பிடித்தபடி, கடலைப் பார்த்து நின்றார். மேலே பிடிகம்பி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"தொட்டிட்டானோ?" என்றார், திரும்பாமலே.

"ஓம்" என்றேன்.

"என்ன செய்யிறான்?"

"பாட்டுப் படிக்கிறான்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி, கையை நெற்றிக்கு மறைப்பாகப் பிடித்து மேலே பார்த்தார். "டேய், தலை! தலையைக் குனி!" என்று கத்தினார்.